கிளைப் பதாகை தைக்கும் முறை

மே தின ஊர்வலத்தில் பிளெக்ஸ் பதாகைகளைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வருகிறது. தலைவரின் முகம் முழு நிலவாக இருக்கும். எந்தத் தொழிலாளர் சங்கம் என்பதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். கோலாலம்பூர் செந்தூல் ரயில் பட்டறையில் ஃபிட்டராக இருந்தவன் நான். ஓய்வுபெற்ற பிறகு, கேட்கும் சங்கக் கிளைகளுக்குத் துணிப் பதாகை தைத்துக் கொடுக்கிறேன்.

சின்னத்தை முடிவு செய்யாமல் துணியைத் தொடாதீர்கள். பற்சக்கரம் வேண்டாம், அது எல்லாரிடமும் இருக்கிறது. ஆயுத பூசையன்று எந்தக் கருவிக்கு முதலில் சந்தனம் வைக்கிறீர்கள் என்று கிளைக் கூட்டத்தில் கேளுங்கள். வரும் பதில்தான் சின்னம். 1891இல் தொடங்கிய அமெரிக்க மின்தொழிலாளர் சங்கத்தின் சின்னம், மின்னல் கீற்றுகளை இறுகப் பிடித்திருக்கும் ஒரு கை. அதைப் பார்த்தபின் விளக்கம் தேவையா? கோத்த கைகள் ஒற்றுமையைச் சொல்லும், தொழிலைச் சொல்லாது. ஓரத்தில் மூன்று எட்டுகள் போடலாம்: எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் ஓய்வு, எட்டு மணி நேரம் நமக்கு. 1856இல் மெல்பர்ன் கல்தச்சர்கள் வென்ற உரிமை அது. ஓவர்டைம் பார்த்தே மாதத்தை ஓட்டும் நம் ஆட்கள் அதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். வேல், குத்துவிளக்கு வேண்டாம். மலாய், சீனத் தோழர்களும் அதே பதாகையின் கீழ்தான் நடக்கிறார்கள்.

மஸ்ஜித் இந்தியா சாலைக் கடைகளில் கனமான பருத்தித் துணி வாங்குங்கள். சிவப்பென்றால் ஓரத்தை நனைத்து வெள்ளைத் துணியில் தேய்த்துப் பாருங்கள். மே மாதத்துக் கோலாலம்பூர் மழை சாயத்தைச் சும்மா விடாது.

எழுத்துகளை வேறு துணியில் வெட்டி, விளிம்பை உள்ளே மடித்துத் தையுங்கள். ஒரு சாண் உயரம் இருந்தால் சாலையின் எதிர்ப்புறத்திலிருந்தும் வாசிக்கலாம். சங்கப் பதிவில் உள்ள மலாய்ப் பெயர் மேலே, தமிழ் கீழே.

மேல் விளிம்பைக் குறுக்குக் கம்பு நுழையும்படி மடித்து இரட்டைத் தையல் போடுங்கள். காற்றுக்காகத் துணியில் ஓட்டை போடுகிறார்கள். துணி கிழிவதுதான் மிச்சம். அதற்குப் பதில் இரு முனைகளிலும் முன்னும் பின்னுமாக நான்கு கயிறுகள் கட்டி, நான்கு பேரிடம் கொடுங்கள். இங்கிலாந்துச் சங்கங்களின் பழைய பட்டுப் பதாகைகள் அப்படித்தான் ஊர்வலம் போயின.

அங்கே டர்ஹாம் வட்டாரச் சுரங்கத் தொழிலாளரிடம், சுரங்கங்கள் இயங்கிய காலத்தில் ஒரு வழக்கம் இருந்தது. அந்த ஆண்டு சுரங்கத்தில் யாராவது இறந்திருந்தால், பதாகைமேல் கறுப்புத் துணி சுற்றி வருவார்கள். வேலையிடத்தில் ஆளை இழந்த கிளைகள் இங்கும் அதைச் செய்யலாம். அதற்காக மேல் மூலைகளில் இரண்டு நாடாக்களைத் தைத்து வையுங்கள்.

நனைந்த துணியைக் காயவைத்துச் சுருட்டுங்கள். மடித்தால் மடிப்பிலேயே இற்றுப்போகும். கம்புகளை நடுவில் கழற்றி மாட்டும்படி செய்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் எல்.ஆர்.டி. நகர ரயிலில் ஏற்ற முடியாது.