மெடிகெய்டு தணிக்கையில் மீளும் பணத்தை அறிவியல் கல்விக்குக் கேட்பது எப்படி?

அமெரிக்காவில் வருமானம் குறைந்தோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு மெடிகெய்டு. அதில் போலி பில்களைக் கண்டுபிடித்து மீட்கும் பணத்தைப் பள்ளிகளின் அறிவியல் கல்விக்குக் கேட்க விரும்புவோர், அதில் மாநிலத்துக்குச் சொந்தமானது எவ்வளவு என்பதை முதலில் கணக்கிட வேண்டும். இத்திட்டத்தின் செலவை மத்திய அரசும் மாநிலமும் பகிர்ந்துகொள்வதால், மத்திய அரசின் பங்கைப் பொதுவாக ஓராண்டுக்குள் திருப்பித் தந்தாக வேண்டும். மத்தியப் பங்கு 60 சதவீதமாக உள்ள ஒரு மாநிலம், கொடுக்காத மருந்துக்குப் பணம் பெற்ற ஒரு மருந்தகத்திடமிருந்து 10 லட்சம் டாலரை மீட்டதாகக் கொள்வோம். அதில் 6 லட்சம் வாஷிங்டனுக்குப் போய்விடும்; சட்டமன்றத்தில் கேட்கக்கூடியது 4 லட்சம் மட்டுமே.

அந்த மாநிலத்தில், அரசிடம் பொய்யாகப் பணம் கோருவதற்கு எதிரான, மத்திய விதிகளின்படி தகுதிபெற்ற சட்டம் இருந்து, அதன்கீழ் வழக்குத் தொடுத்து மீட்டிருந்தால், மத்தியப் பங்கு 10 சதவீதப் புள்ளிகள் குறைந்து, மாநிலத்திடம் 5 லட்சம் நிற்கும். 2005ஆம் ஆண்டின் பற்றாக்குறைக் குறைப்புச் சட்டம் தந்த சலுகை இது. மெடிகெய்டு செலவைக் குறைத்து, அதன் முறைகேடுகளைக் கண்காணிக்கத் தனித்திட்டமும் அமைத்த அதே சட்டம்தான், அறிவியல், கணிதம் போன்ற துறைகளில் மூன்றாம், நான்காம் ஆண்டு பயிலும் ஏழை மாணவர்களுக்கு ஆண்டுக்கு 4,000 டாலர் வரை உதவித்தொகையும் தந்தது. ஆகவே இந்தக் கோரிக்கைக்கு முன்னுதாரணம் உண்டு. ஆனால் அந்த உதவித்தொகை 2011இல் முடிந்துபோனது.

அதனால்தான் மீட்ட பணத்தையும் தடுத்த செலவையும் தனித்தனியாக எழுத வேண்டும் என்று வலியுறுத்துகிறேன். மீட்ட பணம் ஒருமுறைதான் வரும்; அதை நம்பி இயற்பியல் ஆசிரியரை நியமித்தால் மறு ஆண்டே அவருடைய வேலை போய்விடும். முப்பது மாணவர்கள் ஒரே நுண்ணோக்கியின் முன் வரிசையில் நிற்கும் வகுப்புக்குப் பத்து நுண்ணோக்கிகள் வாங்க அந்தப் பணம் ஏற்றது. ஆசிரியர் சம்பளத்தைக் கேட்பதானால், விலை விதியையோ பில் விதியையோ மாற்றியதால் ஆண்டுதோறும் குறையும் செலவைக் காட்ட வேண்டும்.

மாநிலச் சட்டமன்றத்தை விட்டு, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸிடம் கேட்போருக்கு இது இன்னும் முக்கியம். தணிக்கையாளர்களுக்குக் கூடுதல் நிதி தந்தால் மிச்சமாகும் என்று சொல்வதை, அங்குள்ள வரவுசெலவுக் கணக்கு விதிகள் பொதுவாகப் புதிய செலவுக்கு ஈடாக ஏற்பதில்லை.

இந்தப் பணத்தைப் பள்ளிகளுக்கு ஒதுக்கும் மசோதாவில் இரண்டு வாசகங்கள் அவசியம். பள்ளிகளுக்கு ஏற்கெனவே தரும் மானியத்தை இதைக் காட்டிக் குறைக்கக் கூடாது. இல்லையேல் நிதித்துறை ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்கிக்கொள்ளும். மேலும், தகுதியுள்ள நோயாளி ஒருவரைத் திட்டத்திலிருந்து நீக்கியதால் குறைந்த செலவு, மிச்சம் என்ற கணக்கில் ஒருபோதும் சேரக் கூடாது.