‘எல்லாம் எண்ணெய்க்காகத்தான்’: போரின் பணக்கணக்கு பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மும்பை செம்பூரில் நாலு தமிழர்கள் கூடிப் போர் பற்றிப் பேசினால், எங்கே சுற்றினாலும் பேச்சு ஈராக்கில் வந்து நிற்கும். மாஹுல் ரிஃபைனரிகளின் புகைபோக்கிகளைப் பார்த்துக்கொண்டே வாழும் பகுதி இது. "எல்லாம் எண்ணெய்க்காகத்தான் சார்" என்று ஒருவர் சொல்வார். மற்றவர்கள் தலையாட்டுவார்கள், பேச்சு அதோடு முடிந்துவிடும். 2003இல் ஈராக் மீது படையெடுக்க அமெரிக்கா சொன்ன காரணங்களைச் சந்தேகப்பட்டது சரிதான். ஆனால் சந்தேகத்தைப் பாதியில் நிறுத்திவிட்டால், பதில் சொல்ல வேண்டியவர்கள் தப்பித்துவிடுகிறார்கள்.

ஒரு காரணம் பொய்யென்று தெரிந்ததும் மற்றொன்று தானாக நிரூபணமாகிவிட்டது என்று நினைப்பது பலரும் செய்யும் தவறு. ஈராக்கிடம் பேரழிவு ஆயுதங்கள் இருப்பதாக 2003 பிப்ரவரி 5 அன்று ஐ.நா. பாதுகாப்புச் சபையில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் வாதிட்டார். அமெரிக்கா அமைத்த ஆய்வுக் குழுவே தேடிப் பார்த்துவிட்டு, அப்படிக் கையிருப்பு எதுவும் இல்லை என்று 2004இல் அறிக்கை கொடுத்தது. அதில் உடைந்தது பவலின் வாதம். எண்ணெய்தான் காரணம் என்று சொல்ல வேறு ஆதாரம் வேண்டும்.

அந்த ஆதாரத்தைத் தேடும் இடத்தில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். கடைசியில் லாபம் யாருக்கு என்று பார்த்து, அவர்தான் போரைத் தொடங்கியவர் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஈராக்கின் மிகப் பெரிய எண்ணெய் வயல் தெற்கே பஸ்ரா பக்கம் இருக்கும் ருமைலா. 2009 ஜூன் 30 அன்று பாக்தாத்தில் அதற்கான ஏலம் தொலைக்காட்சியில் நேரடியாக ஒளிபரப்பானது. கூடுதலாக எடுக்கும் ஒவ்வொரு பீப்பாய்க்கும் கூலியாக அமெரிக்காவின் எக்ஸான்மொபில் அணி 4.80 டாலர் கேட்டது, பிபி அணி 3.99 டாலர் கேட்டது. ஈராக் அரசோ 2 டாலருக்கு மேல் தர மாட்டோம் என்றது. எக்ஸான்மொபில் விலகிக்கொண்டது. பிரிட்டனின் பிபியும் சீன அரசு நிறுவனமான சிஎன்பிசியும் அந்த 2 டாலருக்கு ஒப்புக்கொண்டன. அப்போது சந்தையில் ஒரு பீப்பாய் சுமார் 70 டாலர். எண்ணெய் ஈராக்கின் சொத்தாகவே இருந்தது. போரில் கலந்துகொள்ளாத சீனா ஒப்பந்தத்தில் பங்கு பெற்றது. லாபத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதினால் சீனாவையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டியிருக்கும்.

அப்படியானால் எண்ணெய்க்கும் இந்தப் போருக்கும் சம்பந்தமே இல்லையா? அதுவும் அவசர முடிவுதான். ஆசைப்பட்டுத் திட்டம் போட்டவருக்குக் கிடைக்காமலும் போகலாம். அதனால் நோக்கத்தைப் போருக்கு முந்தைய காகிதங்களில் தேடுங்கள். துணை அதிபர் டிக் செனியின் எரிசக்திக் குழுவிடம் இருந்த ஆவணங்கள் நீதிமன்ற வழக்கின் விளைவாக 2003இல் வெளியாயின. அவற்றில் ஈராக் எண்ணெய் வயல்களின் வரைபடம் ஒன்றும், அங்கே ஒப்பந்தம் தேடிய வெளிநாட்டு நிறுவனங்களின் பட்டியலும் இருந்தன. தேதி 2001 மார்ச், அதாவது நியூயார்க் இரட்டைக் கோபுரத் தாக்குதலுக்கு ஆறு மாதம் முன்பு. அதைப் போர்த் திட்டம் என்று சொல்ல முடியாது. ஆனால் ‘அந்தப் பட்டியலை வைத்து என்ன பேசினீர்கள்?’ என்று கேட்க அதுவே போதும்.

அப்புறம், ‘அமெரிக்காவுக்கு லாபம்’ என்ற பேச்சு. ஒரு நாட்டுக்கு ஒரே பாக்கெட் கிடையாது. செனி 1995 முதல் 2000 வரை தலைமை வகித்த எண்ணெய்ச் சேவை நிறுவனம் ஹாலிபர்ட்டன். அதன் கிளையான கேபிஆருக்கு ஈராக் எண்ணெய் வயல்களைச் சீராக்கும் வேலை போட்டி டெண்டர் இல்லாமலே கிடைத்தது. குவைத்திலிருந்து கொண்டுவந்த பெட்ரோலுக்கு 6.1 கோடி டாலர் வரை கூடுதலாக வாங்கியிருக்கலாம் என்று 2003 டிசம்பரில் ராணுவத் தணிக்கையாளர்களே சொன்னார்கள். அதில் அமெரிக்க வரிதாரரின் பணமும் இருந்தது. வாங்கியவர் ஒருவர், கொடுத்தவர் இன்னொருவர். இரண்டு பேரையும் ‘அமெரிக்கா’ என்று ஒரே சொல்லில் அடைத்தால் திருட்டும் தெரியாது, திருட்டுக் கொடுத்தவரும் தெரிய மாட்டார்.

போருக்கு முன் சொல்லப்படும் செலவுக் கணக்கையும் அப்படியே நம்பக் கூடாது. அதிபர் புஷ்ஷின் பொருளாதார ஆலோசகர் லாரன்ஸ் லிண்ட்சே 2002இல் 10,000 முதல் 20,000 கோடி டாலர் ஆகலாம் என்றார். அந்த வருடம் முடிவதற்குள் பதவியை விட்டுப் போனார். பட்ஜெட் இயக்குநர் மிட்ச் டேனியல்ஸ் 5,000 முதல் 6,000 கோடி போதும் என்றார். ஈராக் தன் மறுகட்டமைப்புச் செலவைத் தானே பார்த்துக்கொள்ளும் என்றார் பாதுகாப்புத் துறை துணை அமைச்சர் பால் வுல்ஃபோவிட்ஸ். அமெரிக்க நாடாளுமன்ற ஆய்வுப் பிரிவு 2014இல் போட்ட கணக்கில் ஈராக் செலவு 81,500 கோடி டாலர். முன்னாள் வீரர்களுக்கு இனிமேல் ஆகப்போகும் மருத்துவச் செலவும், இந்தக் கடனுக்கான வட்டியும் அதற்கு மேல்.

போர் வந்தால் பொருளாதாரம் வளரும் என்று சொல்பவர்களும் உண்டு. குண்டு செய்தாலும் உற்பத்திக் கணக்கில் ஏறத்தான் செய்யும். அது விழுந்து இடிந்த பாலம் அந்தக் கணக்கில் கழியாது.

எனக்கு ஆறாதது, நம் வீட்டு பில்லை நாமே மறந்துவிடுவது. 1990 ஆகஸ்ட் 2 அன்று சதாம் உசேன் குவைத்துக்குள் படையை விட்டபோது சொன்ன காரணங்களே பணம் சம்பந்தப்பட்டவை: குவைத் அளவுக்கு மீறி எண்ணெய் எடுத்து விலையைக் கெடுக்கிறது, ருமைலாவிலிருந்து திருடுகிறது என்றார். அதே ருமைலாதான். குவைத்தில் வேலை பார்த்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களை ஜோர்டான் தலைநகர் அம்மான் வழியாக ஏர் இந்தியா மும்பைக்குக் கொண்டுவந்தது. எண்ணெய் விலை ஏறியது, அந்நியச் செலாவணி கரைந்தது. 1991 ஜூலையில் ரிசர்வ் வங்கி சுமார் 47 டன் தங்கத்தை மும்பையிலிருந்து விமானத்தில் அனுப்பி அடகு வைத்தது. இங்கேயும் போர் ஒன்றையே காரணமாக்கிவிட வேண்டாம். எண்பதுகளில் ஏறிய கடன் ஏற்கெனவே கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது.

குவைத்தை விட்டு ஓடிவந்த தொழிலாளர்களுக்கு ஐ.நா. ஆணையம் ஒன்று நஷ்டஈடு கொடுத்தது. நம் ஆட்களும் வாங்கினார்கள். பணம் ஈராக்கின் எண்ணெய் வருமானத்தில் ஒரு பங்காகப் பிடிக்கப்பட்டது. எல்லோருக்கும் சேர்த்து மொத்தம் 5,240 கோடி டாலர். கடைசித் தவணை போய்ச் சேர்ந்தது 2022 ஜனவரியில். சதாமைத் தூக்கிலிட்டு 15 வருடம் ஆகியிருந்தது. குவைத் படையெடுப்பின்போது பிறக்காத ஈராக்கியர்களும் அந்தக் கடனைச் சேர்ந்துதான் அடைத்தார்கள்.