குறுந்தொகைப் பாட்டு ஒன்றை வைத்து நடையியல் பழகுவது எப்படி?

‘இந்தக் கவிதை அருமை’ என்று யாரும் சொல்லிவிடலாம். அந்த அருமை எந்த உருபில், எந்தச் சொல் வரிசையில் இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டுவதுதான் நடையியல். பள்ளியில் படித்த இலக்கணம் நினைவிருந்தால் தொடங்கிவிடலாம். குறுந்தொகையின் 3ஆம் பாட்டு, தலைவி தன் தலைவனை ‘நாடன்’ (மலைநாட்டான்) என்று குறித்துச் சொல்வது:

நிலத்தினும் பெரிதே வானினும் உயர்ந்தன்று
நீரினும் ஆரள வின்றே சாரல்
கருங்கோற் குறிஞ்சிப் பூக்கொண்டு
பெருந்தேன் இழைக்கும் நாடனொடு நட்பே.

படி 1: உரைநடையாக்குங்கள். ‘நாடனொடு நட்பு நிலத்தினும் பெரிது, வானினும் உயர்ந்தது, நீரினும் அளப்பரிய ஆழம் உடையது.’ இப்போது இரண்டையும் ஒப்பிடுங்கள். உரைநடையில் முன்னால் நிற்கும் எழுவாய், பாட்டில் கடைசிச் சொல். எது பெரிது என்று தெரியாமலே மூன்று பயனிலைகளைக் கடந்து வருகிறோம்.

படி 2: திரும்ப வருவதைக் கோடிடுங்கள். ‘விட’ என்று பொருள்படும் ‘இனும்’ மூன்று முறை வருகிறது. ‘சாரல்’ வந்ததும் நின்றுவிடுகிறது. பழகிய அமைப்பு முறியும் இடத்தில் கவனம் குவியும். ப்ராக் மொழியியலாளர்கள் 1930களில் வளர்த்தெடுத்த ‘முன்னிறுத்தல்’ என்ற கருத்து இதைத்தான் பேசுகிறது. இங்கே முறிவுக்கு முன் நிலம், வானம், நீர். பின் ஒரு செடியின் கரிய தண்டு, பூ, தேன்.

படி 3: வினையைச் செய்வது யார் என்று கேளுங்கள். எனக்கு இந்தப் பாட்டில் மிகவும் பிடித்த இடம் இது. ‘இழைக்கும்’ என்ற பெயரெச்சம் ‘நாடன்’ என்ற பெயரில் போய் முடிகிறது. ஆனால் தேன் இழைப்பவன் அவனல்லன், அவன் மலையின் வண்டுகள். ‘வண்டு’ என்ற சொல்லோ பாட்டில் எங்குமே இல்லை. செய்யும் வண்டு மறைந்துவிட, பூவைத் தேனாக்கும் வேலை அவன் பெயரோடு ஒட்டிக்கொள்கிறது. அதற்கு அடுத்த சொல் ‘நட்பே’.

படி 4: எது விதி, எது விலகல் என்று சரிபாருங்கள். தொடக்கத்தில் பலரும் தடுக்குவது இங்கேதான். மூன்றாம் அடியில் மூன்றே சீர்கள். ‘கவிஞர் வேண்டுமென்றே சுருக்கினார்’ என்று எழுதக் கை துடிக்கும். எழுதாதீர்கள், இந்தப் பாட்டின் பாவகையான நேரிசை ஆசிரியப்பாவில் ஈற்றயலடி (கடைசிக்கு முந்தைய அடி) முச்சீராக வருவதே விதி. ‘உயர்ந்தன்று’ என்பதும் அப்படித்தான்: இன்றைய கண்ணுக்கு எதிர்மறைபோலத் தெரிந்தாலும் அன்றைய வழக்கில் அது வெறும் ‘உயர்ந்தது’. காலத்தின் இலக்கணம் தெரியாமல் விலகலைப் பற்றிப் பேச முடியாது.

அடுத்த பயிற்சிக்கு 40ஆம் பாட்டான ‘யாயும் ஞாயும்’ எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணும்மை (‘யாயும் ஞாயும்’ என்பதுபோல அடுக்கிவரும் ‘உம்’) எந்த அடியோடு நின்றுவிடுகிறது, அதன்பின் எழுவாயாக வருவது எது என்று முதலில் பாருங்கள்.