சுங்குடிச் சேலையில் பிள்ளையின் கட்டிலுக்கு ஒரு தலைமாட்டுப் பலகை

என் மகள் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்துதான் கதைப் புத்தகம் பார்ப்பாள். சுவரின் சில்லிப்பு முதுகில் படாமல் இருக்க, அம்மா கட்டிப் பழகிய மதுரைச் சுங்குடிச் சேலையை வைத்துத் தலைமாட்டுக்கு ஒரு மெத்தைப் பலகை செய்தேன். தையல் தெரியாதவர்களும் ஒரு பகலில் முடித்துவிடலாம்.

மூன்றடிக் கட்டிலுக்கு 36 அங்குல அகலம், 24 அங்குல உயரம் போதும். 12 மி.மீ. பிளைவுட்டை இந்த அளவுக்குக் கடையிலேயே அறுத்துத் தரச் சொல்லுங்கள். மூலைகளை வளைத்து அறுத்தால் அழகுதான். ஆனால் துணியில் மடிப்பு நிறைய விழும், முதல் முறைக்கு வேண்டாம். விளிம்புகளை உப்புத்தாளால் மழுங்கத் தேய்த்துவிடுங்கள், இல்லையென்றால் அவை துணியை அறுக்கும்.

பலகை அளவுக்கே 2 அங்குல ஃபோம் வெட்டிக்கொள்ளுங்கள். ஃபோம் ஒட்டும் ரப்பர் பசையைப் பலகையிலும் ஃபோமிலும் தடவி, கையில் ஒட்டாத பக்குவம் வந்ததும் சேர்த்து அழுத்துங்கள். அதன் நெடி கடுமையானது. ஜன்னலைத் திறந்து வையுங்கள், பிள்ளைகளை அந்த அறைக்குள் விடாதீர்கள்.

இனி துணி. பலமுறை துவைத்த சேலை என்பதால் சாயமும் போகாது, சுருங்கவும் சுருங்காது. புதுப் பருத்தித் துணி என்றால் முதலில் ஒருமுறை அலசிக் காயவைத்து இஸ்திரி போடுங்கள். பழைய சேலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நைந்த பகுதியைத் தவிர்த்து வெட்டுங்கள். சுங்குடி மெல்லியது, ஃபோமின் நிறம் வெளியே தெரியும். அதனால் அடியில் ஒரு காடாத் துணி அவசியம். ஃபோமின் கனமும் பின்பக்க மடிப்பும் சேர்த்து, இரண்டு துணியும் 47-க்கு 35 அங்குலம் இருக்கட்டும்.

துணியைக் கவிழ்த்து விரித்து, அதன்மேல் பலகையை ஃபோம் கீழே இருக்கும்படி வையுங்கள். ஓரத்தைப் பலகையின் பின்பக்கம் மடித்து, ஸ்டேப்ளர் கன்னால் முதலில் காடாவை அடித்து முடித்து, பிறகு சேலை. வேலையின் உயிர் இந்த இடத்தில்தான் இருக்கிறது. நான் முதலில் ஒரு மூலையிலிருந்து அடித்துக்கொண்டே போனேன். சுங்குடியின் புள்ளி வரிசை முழுக்கக் கோணிவிட்டது, எல்லாப் பின்னையும் பிடுங்க வேண்டியதாயிற்று. சரியான முறை இது: மேல் விளிம்பின் நடுவில் ஒரு பின், நேர் எதிரே கீழே ஒன்று, பிறகு இடது நடு, வலது நடு. நிமிர்த்திப் பார்த்து, புள்ளிகள் நேராக இருந்தால் மட்டும் நடுவிலிருந்து மூலைகளை நோக்கி, எதிரெதிர்ப் பக்கமாக மாறி மாறி, ஒரு அங்குல இடைவெளியில் அடியுங்கள். ஸ்டேப்ளர் கன்னுக்கு 8 மி.மீ. பின் சரியாக இருக்கும். துணி விறைப்பாக நிற்க வேண்டும், புள்ளி நீளும் அளவுக்கு இழுக்கக் கூடாது. மூலைகளை நோட்டுக்கு அட்டை போடுவதுபோல் மடித்து இரண்டு பின் கூடுதலாக அடியுங்கள். தூக்கி நிற்கும் பின்களைச் சுத்தியலால் தட்டி அமுக்கிவிடுங்கள்.

பின்புறம் ஒரு அங்குல கனமுள்ள இரண்டு ரீப்பர் கட்டைகளை (நீள மரச்சட்டங்களை) முடுக்கி, அவற்றைக் கட்டிலின் தலைமாட்டுச் சட்டத்தில் போல்ட் போட்டு நிறுத்துங்கள். ரீப்பருக்கு 1¼ அங்குல ஸ்குரூ போதும். 1½ அங்குலம் போட்டால் முனை ஃபோமுக்குள் நீட்டிவிடும். பலகையின் கீழ் விளிம்பு மெத்தையின் மேல்மட்டத்துக்கு மூன்று அங்குலம் கீழே இறங்கியிருக்கட்டும். பலகைக்கும் மெத்தைக்கும் நடுவில் கைவிட்டுப் பாருங்கள், பிள்ளையின் கை நுழையும் சந்துகூட இருக்கக் கூடாது. அலங்காரப் பொத்தான்களும் வேண்டாம், பிடுங்கி வாயில் போடுவார்கள்.

முந்தானை அப்படியே மீந்தது. அதில் தலையணை உறை தைக்கக் கொடுத்திருக்கிறேன்.