வாதோ 5-னா கி.பி. எத்தனை? ஜப்பானோட பழைய வருஷக் கணக்கை மாத்துற விதம்

கொஜிக்கிங்கிற பழைய ஜப்பானிய நூலை அரசி கென்மெய்கிட்ட ஒப்படைச்சது வாதோ 5, முதல் மாசம், 28-ஆம் நாள். வாதோங்கிறது ஒரு காலகட்டத்துக்கு வெச்ச பேர், அந்தப் பேர் ஆரம்பிச்சதுல இருந்து வருஷத்தை எண்ணுவாங்க. நான் அதை 713 ஜனவரி 28-னு குறிச்சு வெச்சிருந்தேன், வருஷமும் தப்பு தேதியும் தப்பு. நீங்க அப்படி மாட்டக்கூடாதுன்னுதான் இந்தப் பதிவு.

முதல்ல, அந்தக் காலகட்டப் பேர் கி.பி. எத்தனைல ஆரம்பிச்சதுன்னு பாருங்க. தைஹோ 701, கேயுன் 704, வாதோ 708, ரெய்கி 715. இதைக் கையால ஒரு தாள்ல எழுதி வெச்சுக்கிறதுதான் எனக்குப் பிடிச்ச வழி. எக்செல்ல தேதியா அடிக்காதீங்க, 1900-க்கு முன்னாடி தேதியே அதுக்குத் தெரியாது, வெறும் எழுத்தா போட்டுக்கங்க. 645-ல வந்த தைக்காதான் முதல் பேர், ஆனா 701-ல இருந்துதான் இடைவெளி இல்லாம வருது.

அடுத்து, ஆரம்ப வருஷத்தோட எண்ணைக் கூட்டி 1 கழிங்க. 708 + 5 − 1 = 712. முதல் வருஷமே 1 தான், அதை கன்னென்னு சொல்வாங்க. நான் அந்த 1-ஐக் கழிக்காம விட்டதுலதான் 713 வந்துச்சு.

இப்ப மாசம், இங்கதான் நிதானமா பாக்கணும். அது சந்திர மாசம், முதல் மாசம்னா ஜனவரி இல்ல. கொஜிக்கி தேதி, பழைய ஐரோப்பியக் காலண்டரான ஜூலியன்படி, 712 மார்ச் 9. வருஷக் கடைசில இன்னும் சிக்கல்: முன்னாள் அரசி ஜித்தோ இறந்தது தைஹோ 2, 12-ஆம் மாசம் 22, கூட்டினா 702 வரும், ஆனா உண்மைல அது 703 ஜனவரி 13. அதனால 11, 12-ஆம் மாசம்னா கண்டிப்பா தேதி மாத்துற கன்வெர்ட்டர்ல போட்டுப் பாருங்க, அது காட்டுறது ஜூலியனா, இப்ப நாம பயன்படுத்துற கிரிகோரியனான்னும் பாருங்க, அந்த நூற்றாண்டுல ரெண்டுக்கும் 4 நாள் வித்தியாசம்.

அப்டேட்: கேயுன் 5, வாதோ 1 ரெண்டுமே 708 வருதேன்னு கமெண்ட்ல கேட்டிருந்தாங்க. ரெண்டும் சரிதான். முசாஷி மாகாணத்து சிச்சிபுல கிடைச்ச செம்பை அரசவைக்குக் கொண்டுவந்ததும், முதல் மாசம் 11-ஆம் நாளே பேரை மாத்திட்டாங்க. வாதோன்னா ஜப்பானியச் செம்புன்னு அர்த்தம், அந்த வருஷமே காசும் அடிச்சாங்க, முசாஷிக்கு வரிச்சலுகையும் குடுத்தாங்க. ஒரு உலோகம் கிடைச்ச சந்தோஷத்துக்காக நாடே வருஷத்தை வேற பேர்ல எண்ண ஆரம்பிச்சிருக்கு, எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச விஷயமே அதான். 715-லயும் இப்படித்தான், ஆனா அங்க பேர் மாறினது 9-ஆம் மாசம், அதனால மாசத்தைப் பாக்காம வாதோ 8-னோ ரெய்கி 1-னோ எழுதிடாதீங்க.