எல்லையோர டெங்கு: அடுத்த வார எண்ணிக்கையைக் கணிப்பது எப்படி?

தேனி மாவட்டத்தின் கம்பம் நகரிலிருந்து விடியற்காலையில் ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியாகக் கேரளத்து இடுக்கியின் ஏலத்தோட்டத்துக்குச் செல்பவர், அங்கே கொசுக்கடி பட்டு, 4 முதல் 10 நாட்கள் கழித்து இங்கே காய்ச்சலில் படுக்கிறார். ஆகவே, இருபுறக் கணக்கையும் சேர்க்காமல் இப்பகுதியில் டெங்குவைக் கணிக்க இயலாது. கருவியாக எக்செல் போதும்.

படி 1: ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு வரிசை எண், காய்ச்சல் தொடங்கிய நாள், பதிவேட்டில் ஏறிய நாள், குடியிருக்கும் ஊர், வேலை செய்யும் இடம் ஆகியவற்றைக் குறியுங்கள். குமுளியிலும் கம்பத்திலும் பரிசோதித்துக்கொண்டவரை ஒருமுறை மட்டும் எண்ணுங்கள்.

படி 2: காய்ச்சல் தொடங்கிய நாள்வாரியாக வரைபடம் போட்டால், அதன் வலது முனை எப்போதும் சரிந்தே தெரியும். முதன்முறை அதைப் பார்த்து நோய் தணிகிறது என்று நானும் நம்பி ஏமாந்தேன். உண்மையில், மூன்று நாட்களுக்கு முன் காய்ச்சல் கண்ட பலர், கூலி போய்விடுமே என்று மருந்துக்கடை மாத்திரையோடு வேலைக்குப் போய்க்கொண்டிருப்பார்கள்; அவர்கள் இன்னும் பதிவேட்டுக்கு வரவில்லை. பழைய பதிவுகளில், காய்ச்சல் தொடங்கி மூன்று நாட்களுக்குள் எத்தனை பங்கினர் பதிவானார்கள் என்று பாருங்கள். அது பாதி என்றால், மூன்று நாட்களுக்கு முந்தைய தேதியில் தெரியும் 6 பேரை 12 என்று கொள்ள வேண்டும். நேற்று, இன்று ஆகியவற்றில் பதிவான பங்கு மிகச் சிறியது என்பதால், திருத்தினால் பிழையே பெருகும், அவற்றை விட்டுவிடுங்கள்.

படி 3: திருத்திய கணக்கில் சென்ற வாரம் 12, இந்த வாரம் 18 என்றால், பெருக்கம் 1.5 மடங்கு, இதே போக்கில் அடுத்த வாரம் 27. இரட்டிப்பாகும் காலம் 7 × 0.693 ÷ 0.405, அதாவது ஏறத்தாழ 12 நாட்கள் (0.693 என்பது 2-இன் இயல் மடக்கை, 0.405 என்பது 1.5-இன் இயல் மடக்கை; எக்செலில் LN). இரு வாரங்களுக்கு அப்பால் நீட்டாதீர்கள். அதுவரை வரப்போகும் காய்ச்சலுக்கான வைரஸ் பெரும்பாலும் இப்போதே கொசுவிலோ மனித உடலிலோ இருக்கிறது. அதன் பிறகு மழையும் கொசு ஒழிப்பும் போக்கை மாற்றிவிடும்.

படி 4: 27 என்று ஒற்றை எண்ணாகச் சொல்லாமல் வீச்சாகச் சொல்லுங்கள். பழைய பத்து வாரங்களுக்கு, அந்தந்த நாளில் தெரிந்த பதிவுகளை மட்டும் கொண்டு கணித்து, உண்மை எண்ணிக்கையைக் கணிப்பால் வகுங்கள். மிகச் சிறிய, மிகப் பெரிய விகிதங்களை நீக்கியபின் 0.7 முதல் 1.4 வரை எஞ்சினால், உங்கள் கணிப்பு 19 முதல் 38 வரை. அதைத் தேதியிட்டு எழுதிவைத்து, வாரம் முடிந்ததும் பதினோராவது விகிதமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.