மதுரையில் கம்மி செலவில் கண்ணாடி போட

முதலில் கடைக்கு ஓடாதீர்கள், கண்ணைக் காட்டுங்கள். 1976-இல் 11 படுக்கையோடு தொடங்கி இன்று அண்ணா நகரில் நிற்கிற அரவிந்த் கண் மருத்துவமனையில் இலவசப் பிரிவும் உண்டு, காலையிலேயே போய்விடுங்கள், சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் எழுத்து மங்கலாகத்தான் தெரியும் என்பதால் வண்டி ஓட்டிக்கொண்டு போகவேண்டாம். அங்கே தரும் பவர் சீட்டில் ஸ்பியர், அதாவது கிட்டப்பார்வைக்கோ தூரப்பார்வைக்கோ வேண்டிய பவர், இருக்கும்; சிலிண்டர், அதாவது சிதறல் பார்வைக்கான பவர், போட்டிருந்தால் அது அமையவேண்டிய கோணமான ஆக்சிஸும் இருக்கிறதா பாருங்கள். அப்புறம் பி.டி., அதாவது இரண்டு கண்மணிக்கும் நடுவே உள்ள தூரம், அதையும் மில்லிமீட்டரில் எழுதி வாங்குங்கள். அதை அளக்காமலே ஒரு கடையில் எனக்குப் போட்டுக் கொடுத்தார்கள், ஒரு வாரம் தலைவலி. பவர் குறைவென்றால் சாதாரண பிளாஸ்டிக் லென்ஸே போதும், நீல ஒளியைத் தடுக்கும் 'புளூ கட்' லென்ஸ் என்று இழுத்தால் வேண்டாம் என்றுவிடுங்கள். பழைய ஃபிரேம் நன்றாக இருந்தால் லென்ஸ் மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.